கொஞ்சம் கீழே இறக்கித் தை

அண்ணன் சீட்டை நிரப்பித் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு நூல்கண்டை வைத்திருந்தான்.

அந்தச் சீட்டு நான் தயாரித்தது. பாரம் தூக்குகிறவர்களுக்குக் குடல் இறங்கினால் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் உண்டு. அதை நான் வீட்டில் தைக்கிறேன். கடையில் விற்பது வியர்வையில் வழுக்கிவிடும். இரண்டு மாடி ஏறி இறங்கினால் கழன்று முழங்காலில் நிற்கும். நான் தைப்பது தடித்த துணியில், பின்னால் அகலமான எலாஸ்டிக், பிதுங்குகிற இடத்துக்கு நேராக உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சுத் திண்டு வைத்தது. ஆனால் அந்த இடம் எது என்று ஆண்களிடம் வாய்விட்டுக் கேட்க என்னால் முடியாது. அவர்களாலும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டு, "அதாம்மா... இந்தப் பக்கம்... உனக்கே தெரியும்" என்பார்கள். எனக்கு என்ன தெரியும்? நான் தரையைப் பார்ப்பேன், அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அளவு எங்கிருந்து வரும்?

அதனால் ஒரு சீட்டில் ஐந்து கேள்விகள் எழுதி நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். வலதா, இடதா? படுத்தால் உள்ளே போகிறதா? இருமினால் பிதுங்குகிறதா? டாக்டரிடம் காட்டியாயிற்றா? இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? கேள்விகளைச் சொன்னவர் மருத்துவச் சாமான் கடைக்காரர். அவர் கடைக்கும் நான் பெல்ட் கொடுக்கிறேன். "ரெண்டாவது கேள்விக்கு இல்லன்னு எழுதியிருந்தா தைக்காதம்மா. டாக்டர்கிட்டப் போகச் சொல்லிடு" என்று அப்போதே சொல்லியிருந்தார். இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சீட்டும் வந்ததில்லை.

அண்ணனுடைய சீட்டில் இப்படி இருந்தது. வலது. இல்லை. இல்லை. 'சின்ன வயசிலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது, உனக்கே தெரியும்.' முப்பத்தாறு. கடைசியில் ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'கொஞ்சம் கீழே இறக்கித் தை.'

மூன்று முறை படித்தேன். பிறகு சீட்டை மடித்து வைத்துவிட்டு ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தேன். கொக்கியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

அண்ணன் துண்டோடு வந்தான். வீடு, அலுவலகம் மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் குழுவில் இருக்கிறான். ஒரு முறை இரும்பு பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றி மூன்று மாடி இறக்கினான். அன்று முதல் குழுவில் அவனுக்குப் பெயர் பீரோ. வீட்டில் எனக்குப் பெயர் ஊமைக்கோட்டான். அதை வைத்ததும் அவன்தான்.

"என்ன ஊமை, அளவு சரியா எழுதலையா?"

நான் சீட்டைப் பிரித்து இரண்டாவது கேள்வியின் மேல் விரலை வைத்தேன்.

"ஆமா, உள்ள போகல. அதுக்கு என்ன இப்போ?"

"போகணும்."

"போகலன்னா?"

"தைக்க மாட்டேன்."

"ஊருக்கெல்லாம் தைக்கிற, கூடப் பொறந்தவனுக்குத் தைக்க மாட்டியா? திங்கக்கிழமை லாரி கிளம்புதுடி. ஒரு ஃபேக்டரியையே பேத்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போறோம். மூணு மாச வேலை. வெறும் இடுப்போட போகச் சொல்றியா?"

"கீழ இறக்கித் தைன்னு எழுதியிருக்கியே. எவ்வளவு கீழ?"

அவன் துண்டை இழுத்து இறுக்கினான். ஜன்னல் பக்கம் திரும்பினான். "தொடை சேர்ற இடம் இல்ல. அதுக்கும் கீழ."

என் காது சுட்டது. ஆனாலும் கேட்டேன். "பையிலயா? விதையிலயா?"

"விதையே பெருசாயிருக்கு. மழை ஆரம்பிச்சப்போ ஒரு ஓரத்துல பட்டாணி மாதிரி இருந்துச்சு. இப்போ முழுசும் கல்லு மாதிரி. அவ்வளவுதான், போதுமா? இன்னும் வரைஞ்சு காட்டணுமா?"

"வலிக்குதா?"

"வலியே இல்லடி! அதனாலதான சொல்றேன் ஒண்ணும் இல்லன்னு. கனமா இருக்கு. பாக்கெட்ல சாவிக்கொத்து போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி."

மழை ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் குழுவின் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். குழுவில் ஆறு பேர். ஐந்து பேருக்குப் பெல்ட் உண்டு, ஐந்தும் நான் தைத்தது. அவர்களுக்குள் பெல்ட் என்பது ஒரு பதவி மாதிரி. பெல்ட் கட்டியவன் பியானோவின் கனமான முனையைப் பிடிக்கலாம், லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்காரலாம். கட்டாதவன் பின்னால் மெத்தைகளோடு உட்கார்ந்து வரவேண்டும். உடம்பு கெட்டதைக் கொண்டாடுகிற ஆட்கள் இவர்களைத் தவிர எங்கும் இருக்க மாட்டார்கள்.

"என்ன தங்கச்சி, எங்க பீரோவுக்குப் பூட்டு ரெடியா?" என்றார் மேஸ்திரி. "பாவம், எட்டு வருஷமா மெத்தை மேலயே வர்றான். இப்பத்தான் கடவுள் கண்ணைத் தொறந்திருக்காரு."

அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டேன். "உங்களுக்கு வந்தப்போ, படுத்தா உள்ள போச்சா?"

மேஸ்திரியிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "போ... போச்சும்மா."

"அண்ணனுக்குப் போகல. இருமினாலும் ஒண்ணும் தெரியல."

"அப்போ நீர் கோத்திருக்கும். எங்க மாமாவுக்கு இருந்துச்சே, பூசணிக்காய் சைஸ்ல. அதோட எழுபது வயசு வரைக்கும் இருந்தாரு. ஒண்ணும் ஆகாது. வேலையை முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம், மூணே மாசம்."

எதைக் கேட்டாலும் அவர்களிடம் ஒரு பதில் இருந்தது. அவ்வளவு பதில்களுக்கு நடுவே ஒரு டாக்டர்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா அக்கா வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்குச் சின்ன வயதில் நடந்த ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். வலது தொடை மேல் அந்தத் தழும்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து வயதில் குடல் இறங்கி ஆபரேஷன் செய்தார்கள் என்பது வீட்டுக் கதை. அதனால்தான் அண்ணன் இப்போதும் பயப்படவில்லை. பழைய குடல், பழைய வழியாகத் திரும்ப வருகிறது என்று நினைத்தான்.

"அதை ஏன் இப்போ கேக்கற?" என்றாள் அம்மா.

"சும்மாதான். எந்த டாக்டர் செஞ்சாரு?"

"யாரோ ஒருத்தர். குக்கர் விசில் அடிக்குது, வைக்கட்டுமா?"

"அம்மா. அவனுக்கு அந்தப் பக்கமே கல்லு மாதிரி வீங்கியிருக்கு. நாலு மாசமா."

விசில் எதுவும் கேட்கவில்லை.  அதற்குள் அண்ணி மாடியிலிருந்து காய்ந்த துணிகளோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணிக்கும் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சரியா தப்பா என்று யோசிக்கவில்லை.

"குடல் இல்லடி அது," என்றாள் அம்மா. குரல் யாருக்கோ ஒளிந்து பேசுவது போல இருந்தது. "வலது பக்கம் விதை கீழ எறங்கவே இல்ல. பொறந்ததுலேர்ந்தே மேலயே நின்னுபோச்சு. அஞ்சு வயசுல இழுத்துக் கீழ வச்சுத் தைச்சாங்க. ஆம்பளப் பையனுக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவ கட்டிக்குவா? அதான் குடல்னு சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அதுவே நெசமாப் போச்சு. பெரியவனானதும் அடிக்கடி தொட்டுப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் எப்படிடி அதைப் போய் அவன்கிட்ட சொல்லுவேன்?"

அண்ணி துணிகளைக் கட்டிலில் போட்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். குழந்தை எப்போது என்று பார்ப்பவர்களெல்லாம் அவளைத்தான் கேட்கிறார்கள். போனைப் பார்த்து அவள் சொன்னாள்: "நான் கட்டிக்கிட்டேன் அத்தை. வெளிய தெரிஞ்சிருந்தாலும் கட்டியிருப்பேன்."

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. நானும் கேட்கத் துணிவில்லாமல்தானே சீட்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அண்ணியே சொன்னாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டேன். அவன் கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு, "இருபத்திநாலு வருஷமா குடல்னு நெனச்சுக்கிட்டுத் திரியறேன்," என்றான். "வேற யார் யாருக்குத் தெரியும்?"

"இப்போ எனக்குத் தெரியும். நாளைக்கு டாக்டருக்குத் தெரியும்," என்றாள் அண்ணி.

"திங்கக்கிழமை கிளம்பணும்."

"திங்களுக்கு முன்னாடி சனிக்கிழமைன்னு ஒண்ணு வருதுல்ல?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா? ஆளுங்க கேலி பண்ணியே கொன்னுடுவாங்க."

நான் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றேன். "ஒண்ணும் இல்லன்னா ரெண்டு பெல்ட்டா தைச்சுத் தர்றேன். ஞாயித்துக்கிழமையே. ஒண்ணு உள்ள கட்டிக்க, இன்னொண்ணு சட்டைக்கு மேல கட்டிக்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஊமை எப்போலேர்ந்துடி இவ்வளவு பேசறா?" என்று அண்ணியிடம் கேட்டான். ஆனால் காலையில் எங்களுக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தவன் அவன்தான்.

கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர். எங்கள் முறை வந்து கதவு திறந்ததும் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பொம்பள டாக்டர்டி!"

"அதனால என்ன, அவங்களுக்கும் கண்ணு ரெண்டுதான். உள்ள போங்க."

நானும் கூடப் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். டாக்டரம்மா என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். குரல் மட்டும் வெகு நிதானமாக இருந்தது. படுக்கச் சொன்னாள். இருமச் சொன்னாள். எப்போதிலிருந்து, எடை குறைந்ததா, முதுகு வலி உண்டா, மார்பில் வீக்கம் உண்டா, இருமலில் ரத்தம் வந்ததா என்று கேட்டாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றான். சின்ன வயது ஆபரேஷன் பற்றிக் கேட்டதும் நின்றுவிட்டான். அண்ணி சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

"அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க," என்றாள் டாக்டரம்மா. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச் எரிந்தது.

"என்ன பாக்கறீங்க?" என்றான் அண்ணன்.

"தண்ணி கோத்திருந்தா வெளிச்சம் ஊடுருவி செவப்பாத் தெரியும்."

"தெரியுதா?"

"தெரியல. கெட்டியா இருக்கு."

லைட் மறுபடி எரிந்தது. அவள் கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "இது குடலிறக்கம் இல்ல, நீரும் இல்ல. விதைக்குள்ளயே கட்டி வளர்ந்திருக்கு. உங்க வயசுல, வலியில்லாம இப்படி வந்தா முதல்ல புற்றுநோயான்னுதான் பார்க்கணும். சின்ன வயசுல எறங்காம இருந்த விதையில அது வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம். பயமுறுத்தச் சொல்லல. நேரம் வீணாகக் கூடாதுன்னு சொல்றேன்."

"மூணு மாசம் கழிச்சு வந்தா?"

"மூணு மாசத்துல வயித்துக்கும் நுரையீரலுக்கும் போயிடலாம். அப்பவும் வைத்தியம் இருக்கு. ஆனா இப்போன்னா ரொம்பச் சுலபம்."

ஸ்கேன் எடுக்கிறவர் கலகலப்பான ஆள். ஜெல் ஜில்லென்று இருக்கும், கத்திடாதீங்க என்றெல்லாம் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தாராம். வலது பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாராம். அண்ணன் வெளியே வந்து சொன்னது அது ஒன்றுதான். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் என்று சொல்லி, திங்கட்கிழமையே ஆபரேஷன் டாக்டரைப் பார்க்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாமான்களை நகர்த்தினான். காரணம் சொல்லவில்லை. கட்டிலை வடக்கிலிருந்து தெற்கே போட்டான், பீரோவை மறு சுவருக்குத் தள்ளினான், என் தையல் மெஷினைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தான். மத்தியானம் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டு வந்தான். அண்ணி கத்தினாள். பிறகு கத்துவதை விட்டுவிட்டுக் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு லாரி எங்கள் தெருவில் நின்று ஹாரன் அடித்தது. அண்ணன் வெளியே போய் நின்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது, அவனுக்காக.

"நான் வரல மேஸ்திரி. விதையில கட்டி. ஆபரேஷன் பண்ணணும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார்கள். மேஸ்திரி லாரியிலிருந்து இறங்கினார். அண்ணன் தோளில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "உன் இடத்துல ஆள் போட மாட்டேன்டா. அஞ்சு பேரே இழுத்துக்கறோம்," என்றார். லாரி போய்விட்டது.

அன்று ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் பார்த்தோம். ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க முடியாதா என்று அண்ணி கேட்டாள். இதில் அப்படிச் செய்தால் நோய் வெளியே பரவக்கூடும், முழு விதையையும் தொடை மேல் கீறி எடுத்துத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றார். அதற்கு முன் ரத்தத்தில் மூன்று பரிசோதனை, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒரு ஸ்கேன்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "அப்புறம் நான்... எல்லாம்..."

"ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். எல்லாம் முன்ன மாதிரிதான். குழந்தையும் பொறக்கும். ஆனாலும் முன்னெச்சரிக்கையா விந்தைச் சேமிச்சு வச்சுடுவோம். மருந்து தேவைப்பட்டா அப்போ உதவும்."

சேமிக்கும் அறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவோடு வந்தவனின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் முறையை முழுவதும் படித்து முடித்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. முடிவு வரப் பத்து நாள் என்றார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் யாரையும் அதட்டவில்லை. அதுவே ஒரு மாதிரி பயமாக இருந்தது. அண்ணன் படுத்தபடி விட்டத்தைப் பார்ப்பான். அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பட்டனை மூன்று சட்டைக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவன் என்னைக் கூப்பிட்டு, "சீட்டுல ஆமான்னு பொய் எழுதலாம்னுதான் முதல்ல நெனச்சேன்," என்றான். "எழுதியிருந்தா தைச்சிருப்பல்ல?"

"தைச்சிருப்பேன்."



பதினோராம் நாள் மூன்று பேரும் போனோம். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். புற்றுநோய்தான். ஆனால் விதையைத் தாண்டவில்லை. வயிற்று ஸ்கேன் சுத்தம், நுரையீரல் சுத்தம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும், சில வருடங்களுக்கு ஸ்கேனும் உண்டு, ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. மீதமுள்ளதை மாதம் ஒரு முறை குளிக்கும்போது தடவிப் பார்க்க வேண்டும்.

"பாரம் எப்போ தூக்கலாம்?" என்றான் அண்ணன்.

"ஆறு வாரம் கழிச்சு. முதல்ல ஒரு நாற்காலி. பீரோ எல்லாம் அப்புறம்."

அவருக்குப் பெயர் விஷயம் தெரியாது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் நாற்காலிகள் நிறைய ஆட்கள். அண்ணன் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் அம்மாவிடம் பேசவே இல்லை. அம்மா தினமும் எனக்குத்தான் போன் செய்வாள். அவனைப் பற்றிக் கேட்டுவிட்டு, கொடுக்காதே, கொடுக்காதே என்று அவளே வைத்துவிடுவாள்.

"அம்மா. நான்தான்," என்றான். பிறகு வழக்கமாக லாரியிலிருந்து மாடிக்குப் பேசுகிற அதே குரலில் சொன்னான். "விதையில புற்றுநோய் இருந்துச்சு. வலது விதையை எடுத்துட்டாங்க. வேற எங்கயும் பரவல. நான் நல்லாருக்கேன்."

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. போனில் அம்மா அழுவது எனக்குக்கூடக் கேட்டது. அழுகைக்கு நடுவே அவள் பதறினாள்: "மெதுவாப் பேசுடா! பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா? ஏன்டா இப்படிக் கத்தற?"

அண்ணன் இரண்டு கணம் போனையே பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"சிரிக்க வைக்காதம்மா," என்றான். "வலிக்குது."